யாருக்காக எழுதுகிறோம்?

ஆய்வேட்டின் முதல் இயலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முப்பதாண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர், “இது யாருக்காக எழுதினதுப்பா?” என்று மட்டும் கேட்டார். சினந்து எழுந்து போனேன்.

அம்மா மறைந்து ஓராண்டாகிறது. பண்டித ரமாபாயின் வரலாற்றை வாசிக்கையில் அக்கேள்வி மீண்டும் எழுகிறது.

பெண்களுக்குச் சமஸ்கிருதம் மறுக்கப்பட்ட காலத்தில், யாத்திரை வழிகளிலும் வைகறையில் எழுப்பி அவருக்குப் பாடம் சொன்னவர் தாய் லட்சுமிபாய். 1878-இல் கல்கத்தா அறிஞர்கள் அப்புலமைக்குப் பட்டம் சூட்டினர். கைக்குழந்தையுடன் கணவரை இழந்த ரமாபாய், 1889-இல் பம்பாயில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதன் என்னும் பள்ளியைத் தொடங்கினார். கிறித்தவத்தை ஏற்றிருந்த அவர், எபிரேயமும் கிரேக்கமும் பயின்று விவிலியத்தை மராத்தியில் பெயர்க்க முனைந்தார். வடமொழிப் பண்டிதையாக இருந்தும், எளிய பெண்களுக்கு விளங்கும் மராத்தியையே அதற்குத் தேர்ந்தார். 1921-இல் மகள் மனோரமா இறந்தார். ரமாபாய் பணியை விடவில்லை. அதை முடித்து, 1922 ஏப்ரலில் மறைந்தார்.

எவருக்காக எழுதுகிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார். என் அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

முதல் இயலைத் திரும்ப எழுதுகிறேன், அம்மா.