'நீ எங்க கேட்ட அம்மணி?'

ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டு வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல என்ன பண்ணுவீங்க? 'மெக்கானிக்குக்கு போன் போடுவேன்' என்பவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். 'அட, நாமளே பார்த்துக்கலாம்' என்று ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் என் ஜாதி. இது உங்களுக்காக.

எங்க ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அப்பாவிடம் ஒரு பழைய பிக்கப் வேன். 1988-ல் டெல்கோ 'டாடாமொபைல்' என்று ஒரு பிக்கப்பை இறக்கியது. (நீராவி ரயில் எஞ்சின் செய்த அந்த கம்பெனிதான் 2003-ல் 'டாடா மோட்டார்ஸ்' என்று பெயர் மாறியது.) அந்தக் குடும்பத்து வண்டிதான் எங்களுடையது, 1996 மாடல். அதில் தேங்காய் லோடு அடித்துத்தான் அப்பா அக்கா கல்யாணத்தை முடித்தார். என் செமஸ்டர் ஃபீஸைக் கட்டியதும் அந்த வண்டிதான்.

2021-ல் அப்பாவுக்கு பக்கவாதம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், இடது காலில் வலு போய்விட்டது. இடது கால் என்றால் கிளட்ச். அன்றைக்கு வேப்பமரத்தடியில் நின்ற வண்டி, மூன்று வருஷம் அங்கேயே நின்றது. அப்பா திண்ணையில், வண்டி மரத்தடியில். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

2024 தீபாவளிக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, பழைய இரும்புக் கடைக்காரர் வந்து டயரை எட்டி உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 38 ஆயிரம் தருவாராம். அப்பா வண்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு என்ன தோணுச்சோ, "பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க. நான் ஓட வெச்சுக் காட்டறேன்"னு சொல்லிட்டேன். கடைக்காரர் சிரித்தார். நானும் ஃபைனல் இயர் மெக்கானிக்கல் ஆச்சே! ஐ.சி. எஞ்சின் பேப்பரில் முதல் கிளாஸ் மார்க் வேறு. சிரிச்சா சும்மா விட முடியுமா?

நின்றுபோன வண்டியைக் கையில் எடுத்தால், தயவுசெய்து முதல் நாளே சாவியைத் திருகாதீங்க. பானெட்டைத் திறந்தபோது எலி குடித்தனம் நடத்தியிருந்தது. நாலு வயர் காலி. டேங்கைக் காலி செய்தால் டீசலுக்கு அடியில் தண்ணீரும், களிம்பு மாதிரி கறுப்பு அழுக்கும். அதை அப்படியே பம்ப்புக்கு அனுப்பியிருந்தால் பம்ப், நாசில் எல்லாவற்றுக்கும் சங்குதான். டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, எஞ்சின் ஆயிலையும் மாற்றினேன். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினேன். அசைந்தது. எஞ்சின் இறுகவில்லை! அன்றைக்கு எங்க வீட்டில் பாயசம்.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் நின்றால் உள்ளே துரு. பின்பக்க வீல் சிலிண்டர் ரெண்டும் இறுகிப்போயிருந்தது. மாற்றிவிட்டேன். ஆனால், லைனில் இருந்து ஏர் எடுக்க ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் பெடலை மிதிக்க, இன்னொருத்தர் சக்கரத்துக்கிட்டே நிப்பிளைத் திறந்து மூட. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அப்பா, கொஞ்சம் வந்து மிதிக்கறீங்களா?"

மூன்று வருஷத்துக்கப்புறம் அப்பா டிரைவர் சீட்டில் ஏறினார். பிரேக்குக்கு வலது கால் போதுமே! நான் வண்டிக்கு அடியில். "மிதிங்க... புடிங்க... விடுங்க." ஒரு மணி நேரம் வேறு பேச்சே இல்லை. வேலை முடிந்து நான் வெளியே வந்த பிறகும் அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்பேனரைக் கழுவுகிற மாதிரி பம்ப்செட் பக்கம் போய்விட்டேன்.

அதுக்கப்புறம் எனக்கு வேகம் வந்துவிட்டது. கம்பி பிரஷ் போட்டு சேஸிஸ் துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, கறுப்பு பெயின்ட் ரெண்டு கோட். கழற்றின ஒவ்வொரு போல்ட்டையும் கவரில் போட்டுப் பேர் எழுதி, திரும்ப மாட்டினேன். வண்டி பளபளன்னு ஆயிடுச்சு. பெருமை தாங்கலை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. மாமா, சித்தப்பா, இரும்புக் கடைக்காரர் எல்லாரும் வந்தாச்சு. ஹீட்டரைப் போட்டு, சாவியைத் திருகினேன்.

'கிர்ர்... டக்.'

அவ்வளவுதான். மறுபடியும் 'டக்.' பேட்டரி டவுன் என்று முடிவு கட்டி, சித்தப்பா டிராக்டர் பேட்டரியை மாட்டினேன். 'டக்.' சரி, செல்ஃப் மோட்டார் போச்சு. கழற்றித் தூக்கிக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் ஓடினேன். அவர் மேஜைமேல் வைத்து கரண்ட் கொடுத்தார், ஜம்மென்று சுற்றியது! "செல்ஃப் நல்லாத்தான் இருக்குது பாப்பா." கூலி 300 ரூபாய். திரும்ப மாட்டினேன். 'டக்.' ரெண்டு நாள் போச்சு. இரும்புக் கடைக்காரர் போன் பண்ணி, "38 இல்ல, 35-தான் வரும்" என்றார். அன்றைக்கு ராத்திரி அழுதேன். மார்க் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் காலை அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "நீ சாவியைத் திருகு" என்று சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் கையை விட்டார். திருகினேன். 'டக்.'

"இங்க வா. ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். சுட்டது! இன்னும் ஓடவே ஓடாத எஞ்சினில், ஆக்சிலரேட்டர் கேபிள் எதுக்குச் சுடணும்?

"எர்த் சரியில்ல அம்மணி. கரண்டுக்கு வீட்டுக்குப் போக வழியில்ல. கிடைச்ச வழியில போகுது."

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்றேன், உங்களுக்கு வைவாவிலும் உதவும். பேட்டரியின் நெகட்டிவ் வயர் சேஸிஸில் இருக்கும். எஞ்சினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். ஆகவே சேஸிஸையும் எஞ்சினையும் இணைக்க ஒரு பட்டை வயர் உண்டு. செல்ஃப் இழுக்கிற நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்டும் அது வழியாகத்தான் திரும்பணும். அந்த போல்ட் உட்கார்ற இடத்தில் ரெண்டு கோட் கறுப்பு பெயின்ட் அடித்த புண்ணியவதி யாரு? சாட்சாத் நானேதான்! பெயின்ட்டுக்குள் கரண்ட் போகாது. போல்ட் மரை வழியாகக் கொஞ்சம், கேபிள் வழியாகக் கொஞ்சம் என்று கசிந்திருக்கிறது.

இன்னொரு துப்பும் இருந்தது. நான் சாவியைத் திருகும்போது ஹெட்லைட் மங்கவே இல்லையாம். பேட்டரி டவுனாக இருந்தால் மங்கியிருக்குமே! அப்பா திண்ணையில் இருந்து அதையும் பார்த்திருக்கிறார்.

மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் அந்த இணைப்பு நல்லாத்தான் இருக்கிற மாதிரி காட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்க. 0.04 ஓம் என்றால் மீட்டருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால், 100 ஆம்பியர் ஓடினால் 4 வோல்ட் அங்கேயே காலி. அதனால், சாவியைத் திருகிக்கொண்டே பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் வோல்ட் பார்க்கணும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. எனக்கு நாலைத் தாண்டியது. V=IR எழுதி எத்தனை மார்க் வாங்கியிருப்பேன்!

உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். போல்ட்டை இறுக்கித் திருகினால், எஞ்சின் 'கடகட'வென்று சுற்றியது. ஆனால், பிடிக்கவில்லை. டேங்க் கழற்றிய வண்டியில் ஏர் இருக்காதா என்ன? ஃபில்டர் மேல் இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கைப் பம்ப்பை அடித்தேன். நுரை நுரையாக வந்து, கடைசியில் சுத்த டீசல். அப்புறம் நாசில் பைப் நட்டுகளை லேசாகத் தளர்த்தி, சுற்றவிட்டு, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கினேன். (அந்த டீசல் வர்ற அழுத்தத்துக்கு விரலைத் துளைத்து உள்ளேயே போய்விடும். கையைக் கிட்டே கொண்டு போகாதீங்க.) மறுபடி ஹீட்டர், மறுபடி சாவி. வெள்ளைப் புகை, ஒரு இருமல், இன்னொரு இருமல்... பிடிச்சிருச்சு! வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்துவிட்டது. அம்மா தோசைக் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

சத்தம் அடங்கின பிறகு அப்பாவிடம் கோபமாகவே கேட்டேன். "ஏனுங்கப்பா, ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு நாள் அலைஞ்சேனே!"

அப்பா நிதானமாகச் சொன்னார். "நீ எங்க கேட்ட அம்மணி?"

யோசித்துப் பார்த்தேன். டீசல் எஞ்சினை முப்பது வருஷம் காதால் கேட்டு ஓட்டிய மனுஷன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டரை மாசத்தில் நான் அவரிடம் கேட்ட ஒரே உதவி, 'வந்து மிதிங்க'. அவருடைய கால்தான் எனக்குத் தேவைப்பட்டது. வண்டியை ஓட வைத்து அப்பாவுக்குத் திருப்பிக் கொடுக்கப் போறோம் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவையும் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தேன்.

கணக்குச் சொல்லிடறேன். செலவு 61 ஆயிரம். 8 வயசு தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். 15 வருஷம் தாண்டினவற்றுக்கு 2022 ஏப்ரலில் கட்டணமும் ஒரேயடியாக ஏறிவிட்டது. ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். ரெண்டாவது தடவைதான் பாஸ். லாபமா என்று கேட்டால், இல்லை.

ஆனால், இப்போ ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய் லோடு நான்தான் எடுக்கிறேன். 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டிக்கு சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதால், அந்தக் கவலையும் இல்லை. இடது பக்க சீட்டில் அப்பா. கண்ணை மூடிக்கொண்டு வருவார். தூங்குகிறார் என்று நினைத்தால், "மூணுல போடு, இழுக்கத் திணறுது" என்பார்.

போட்டால், சரியாகத்தான் இருக்கும்.