கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் படம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் ஒரு படத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்து இப்போது திருப்பூரில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் அழைத்தார். "ஐயா, கதை நல்லாருக்கு, வசனம் நல்லாருக்கு, பாட்டு நல்லாருக்குன்னா புரியுது. நீங்க 'படமாகவும் நல்ல படம்'னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா என்னங்கய்யா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடன்தான் இது.

என்னிடம் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு படத்தைப் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எதுவும் விட்டுப்போகாமல் எல்லாம் புரிகிறதா? அப்படியானால் அது நல்ல நாடகமாக இருக்கலாம், நல்ல வசனமாக இருக்கலாம். சினிமாவுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. பிறகு அதே பத்து நிமிடத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் உங்களுக்குள் ஏதாவது நடந்தால், அங்கே சினிமா இருக்கிறது.

நம் தலைமுறை சினிமாவைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. வானொலியில் 'ஒலிச்சித்திரம்' என்று ஒன்று போடுவார்கள், நினைவிருக்கிறதா? முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, படமே இல்லாமல் படம் காட்டுவார்கள்! அதுவும் புரியும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனத்தட்டு ஓடும். குரும்பலூரில் அந்தக் காலத்துப் பையன்கள் பாதிப் பேருக்குத் தருமி வசனம் மனப்பாடம். அதில் பலர் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். எனக்கும் அப்படித்தான். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு வசனம் முழுதும் தெரியும்.

இதற்குக் காரணம் உண்டு. 1905இல் திருச்சிக்கு டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் அதை அவரிடம் விலைக்கு வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். நமக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளி நடந்த சங்கதி இது. அன்று காட்டியவை பேசாத படங்கள். கண் மட்டும் போதும். 1931இல் 'காளிதாஸ்' வந்து படம் பேச ஆரம்பித்ததும், நாடகக் கம்பெனிகளிலிருந்து நடிகர்களும் பாட்டும் வசனமும் அப்படியே திரைக்கு இடம் பெயர்ந்தன. மேடையில் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கப் பேசிப் பழகியவர்கள் கேமரா முன்பும் உரக்கப் பேசினார்கள். 1952இல் 'பராசக்தி' வந்தபோது தமிழ் வசனம் தன் உச்சத்தைத் தொட்டது. தமிழாசிரியனான நான் அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒரு பழக்கம் நம்மிடம் நிலைத்துவிட்டது. பாத்திரம் தன் சோகத்தை வாயால் சொன்ன பிறகுதான் நாம் அழுவோம்.

இங்கே என் சின்ன அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் கடைசித் தங்கை. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஊரில் எல்லோரும் 'ஊமைச்சி' என்றே கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்காது என்பதால் அதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் டூரிங் கொட்டகை போடுவார்கள். தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்ப்போம். அத்தையையும் அழைத்துக்கொண்டு என் அம்மா கிளம்பும்போதெல்லாம் வீட்டில் ஒரே பேச்சுதான். "அவளுக்கு எதுக்கு டிக்கெட்டு? என்ன புரியப் போவுது?" அம்மா பதில் சொல்ல மாட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அவளுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பாள்.

'பாசமலர்' பழைய படம். ஆனாலும் எங்கள் கொட்டகைக்குத் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் வரிசையில் முதலில் அழுதவள் அத்தை. மற்றவர்கள் வசனத்துக்காகக் காத்திருந்தார்கள். அவளுக்குச் சிவாஜியின் தோள் ஒரு பக்கமாகச் சரிந்ததே போதும். மறுநாள் கடலைக்காய் ஆயும் இடத்தில், படத்துக்கு வராத பெண்களுக்கு அவள்தான் கதை சொன்னாள். மில் தொழிலாளியாக இருந்தபோது அவர் எப்படி நடந்தார், முதலாளியான பிறகு எப்படி நடந்தார் என்று நடந்து காட்டினாள். முடிவைக் காட்டும்போது தன் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று இறுகக் கோத்து, அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

பாட்டு வந்தால் மட்டும் அவளுக்குப் பொறுமை இருக்காது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்களே, எதற்கு என்பதுபோல் என்னைப் பார்ப்பாள். முறுக்கு வாங்க எழுந்து போய்விடுவாள். சில பாட்டுகளுக்கு மட்டும் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பாட்டுகளில் படம் ஏதாவது செய்துகொண்டிருக்கும் என்பது எனக்குப் புரிய முப்பது வருடம் ஆனது.

சினிமாவின் அடிப்படைகள் என்று புத்தகங்களில் இருப்பவற்றை எல்லாம் அத்தை பெயர் தெரியாமலே வைத்திருந்தாள். முதலாவது சட்டகம். திரை என்பது நான்கு பக்கமும் வேலி போட்ட காடு. எதை வேலிக்குள் விட்டார்கள், எதை வெளியே நிறுத்தினார்கள் என்பதுதான் முதல் முடிவு. இரண்டாவது தூரம். கேமரா கிட்டே போனால் அண்மைக் காட்சி, தள்ளி நின்றால் சேய்மைக் காட்சி. நாடகத்தில் உங்கள் இருக்கைக்கும் நடிகருக்கும் உள்ள தூரம் கடைசிவரை மாறாது. சினிமாவில் இயக்குநர் உங்களைக் கையைப் பிடித்து ஒருவரின் கண்ணிமைக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறார், அடுத்த நொடி மலை உச்சிக்கு இழுத்துப் போகிறார். பிறகு வெளிச்சம். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இல் வந்தது. பாட்டே இல்லாத தமிழ்ப்படம். நம் ஊரில் பாட்டில்லாமல் படமா என்று கேட்ட காலத்தில் நிழலையும் வெளிச்சத்தையும் நம்பி எடுத்திருக்கிறார்கள். யூடியூபில் தேடிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரியது வெட்டு. அதாவது படத்தொகுப்பு. இதைப் புரியவைக்கத்தான் எனக்கு வகுப்பில் ஒரு வாய்ப்பு வந்தது.

2019இல் வந்த புதிய பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் நூலில் 'திரைமொழி' என்று ஒரு உரைநடைப் பாடம். அதே இயலில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் இருந்தது. யார் யோசித்து இப்படிச் சேர்த்தார்களோ, அவர்களுக்கு என் வணக்கம். உடலில் தெரியும் குறிப்பால் உள்ளத்தை அறிவது மெய்ப்பாடு. சினிமாவின் அண்மைக் காட்சிக்கும் அதுதான் வேலை. ஆனால் சக ஆசிரியர் ஒருவர், "இதுல என்ன சார் கேட்டுடப் போறான்? முக்கியமான வினா விடைய எழுதிப் போட்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மார்ச் மாதம் நெருங்கினால் அவரவர் கவலை அவரவருக்கு.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகரின் முகம். அதன் பக்கத்தில் ஒருமுறை சூப் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களோ பசியைப் பார்த்தோம், துக்கத்தைப் பார்த்தோம், ஆசையைப் பார்த்தோம் என்றார்கள்.

நான் அதை நம் ஊருக்கு மாற்றினேன். நடிகருக்கு எங்கே போவது? என் அடையாள அட்டைப் படத்தையே எடுத்துக்கொண்டேன். அதைவிட உணர்ச்சியற்ற முகம் உலகத்தில் கிடையாது. முதலில் படைப்புழு தின்று சல்லடையான மக்காச்சோளக் காடு, அடுத்து என் முகம். பிறகு பிரியாணித் தட்டு, அடுத்து என் முகம். பிறகு மணக்கோலத்தில் ஒரு பெண், அடுத்து என் முகம். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. "ஐயா பசியில இருக்கீங்க" என்றான் ஒருவன். கல்யாணப் பெண்ணுக்கு நான் அப்பா ஆகிவிட்டேன். மக்காச்சோளத்துக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. 2018இல் நம் மாவட்டத்தில் படைப்புழு என்ன பாடு படுத்தியது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "எங்கப்பா மூஞ்சி மாதிரி இருக்குங்கய்யா." பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் திணறுகிற பையன் அவன்.

பொருள் என் முகத்திலும் இல்லை, சோளத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், பார்க்கிறவரின் மனத்தில் உண்டாகிறது. எழுத்தால் இதைச் செய்ய 'வருத்தத்தோடு பார்த்தார்' என்று ஒரு சொல்லாவது போட வேண்டும். சினிமாவுக்கு அந்தச் சொல் வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் ஒலியே வேண்டாம் என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். ஒலி வேறு, பேச்சு வேறு. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில், மகள் இறந்தது தெரியாமல் அப்பா ஊரிலிருந்து வருகிறார். மகளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். தாய் உடைந்து அழுகிறாள். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் ஒரு நரம்புக் கருவியின் ஓலம் மட்டும் எழும். ரவிசங்கர் இசை. அந்த அழுகைச் சத்தம் நேராகக் கேட்டிருந்தால் பக்கத்து வீட்டுச் சாவு போல இருந்திருக்கும். குரலை எடுத்துவிட்டதால் அது நம் வீட்டுச் சாவு ஆகிவிட்டது. அத்தை இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த ஒரு காட்சியில் அவளும் நாமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்திருப்போம் என்று எனக்குத் தோன்றும். அவள் உலகத்தில் எல்லா அழுகையும் குரல் இல்லாத அழுகைதானே.

தமிழில் யார் இதைச் செய்தார்கள் என்று கேட்டால் எனக்கு முதலில் மகேந்திரன்தான். வேடிக்கை என்னவென்றால் அவர் வசனகர்த்தா. 'தங்கப்பதக்கம்' (1974) வசனம் அவருடையது. அந்த மனிதர் 1978இல் 'முள்ளும் மலரும்' எடுக்கும்போது வசனத்தைப் பஞ்சம்போல் செலவழித்தார். உமாசந்திரன் நாவல், பாலுமகேந்திரா ஒளிப்பதிவு. கடைசியில் கல்யாணத்துக்காக ஊரோடு நடந்து போகும் வள்ளி, ஒதுங்கி நிற்கும் அண்ணனை நோக்கி ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். அண்ணன் முகத்தை மட்டும் பாருங்கள். தோற்றவன் முகமா, ஜெயித்தவன் முகமா? ரஜினி ரசிகர்கள் என்னை மன்னிக்க வேண்டும், அவர் அதற்குப் பிறகு எத்தனையோ படம் நடித்தார், எனக்கு அந்த முகம்தான் ரஜினி.

அடுத்த ஆண்டே புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தொட்டு 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். கதையைப் படித்துவிட்டுப் படத்தையும் பாருங்கள். எழுத்தாளர் சொல்லால் செய்ததை இயக்குநர் எங்கே விட்டார், எதை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார் என்று ஒப்பிட்டாலே ஒரு வருடப் பாடம்.

இன்றைய நிலைமைதான் எனக்குக் கவலை. பத்து நிமிடத்தில் முழுக் கதையையும் ஒருவர் மூச்சு விடாமல் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. என் பேரன் அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறான். மறுபடியும் ஒலிச்சித்திரத்துக்கே வந்துவிட்டோம்! போன வருடம் அவனை உட்காரவைத்து 'கூழாங்கல்' போட்டேன். பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது. 2021இல் ராட்டர்டாம் விழாவில் முதல் பரிசான டைகர் விருது வாங்கிய படம். கதை என்று பார்த்தால், கோபக்கார அப்பாவும் சின்ன மகனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான். பேச்சு மிகக் குறைவு. மேலூர்ப் பக்கத்து நிலம் என்றாலும் சித்திரை மாதத்து நம் மானாவாரிக் காடு மாதிரியே இருக்கும். பேரன் பத்தாவது நிமிடம் போனைத் தேடினான். அரை மணி நேரம் கழித்து, "தாத்தா, தண்ணி வேணும்" என்றான். அவனுக்குத் தாகம் எடுத்திருந்தது. படம் யாரும் சொல்லாமலே அவன் தொண்டைக்குள் போயிருக்கிறது.

சரி, திருப்பூர்த் தம்பிக்கு வருகிறேன். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பாய். பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) பார். வேலைக்குப் போகும் ஒரு பெண் சென்னையில் சின்னதாக ஒரு வீடு கட்டப் படும் பாடு. பாட்டு கிடையாது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். நீயும் இப்போது மனை வாங்கி அலைந்துகொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், அதனால் இன்னும் நன்றாகப் புரியும். அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகப் போவார். இளையராஜா இசை மட்டும் இருக்கும். அந்த இடம் வந்ததும் அவர் கை சுவரைத் தொடுவதைப் பார். பிறகு பின்னால் போய், சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பார். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.