கையெழுத்தில்லாத உத்தரவாதம்

கால்பந்துக் கழகத்தின் கணக்கேட்டில் இரண்டு வாக்குறுதிகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று, ஒளிபரப்பு நிறுவனம் தருவதாகச் சொன்ன தொகை. மற்றொன்று, ஆட்டக்காரர்களுக்குத் தருவதாகக் கழகம் எழுதிக்கொடுத்த ஊதியம். முன்னது பொய்த்தாலும் பின்னதைக் கொடுத்தே தீரவேண்டும். 2002இல் இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுக் கழகங்கள் இந்த உண்மையைப் பெரும் விலை கொடுத்துக் கற்றன.

1992இல் முதற்பிரிவின் 22 கழகங்கள், தொலைக்காட்சி வருவாயைத் தமக்கென வைத்துக்கொள்ளும் பொருட்டு ஃபுட்பால் லீக்கிலிருந்து பிரிந்து பிரீமியர் லீக்கை அமைத்தன. எஞ்சியோருக்கும் அவற்றுக்குமான இடைவெளி அகன்றுகொண்டே போனது. இந்நிலையில், பின்னர் ஐடிவி டிஜிட்டல் எனப் பெயர் மாறிய நிறுவனம், 2000இல் ஃபுட்பால் லீக்குக்கு மூன்று ஆண்டுகளில் 31.5 கோடி பவுண்டு தர இசைந்தது. கார்ல்டன், கிரனாடா ஆகிய பெருநிறுவனங்கள் அதன் உரிமையாளர்கள்.

அத்தொகையைக் கழகங்கள் சேமித்து வைத்திருக்கலாமே என்று கேட்பது எளிது. ஆனால் பக்கத்து ஊர்க் கழகம் அதே பணத்தை நம்பிச் சிறந்த ஆட்டக்காரரை வாங்கும்போது, செலவிடாத கழகம் பட்டியலில் கீழே இறங்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் நியாயமானது. கூட்டிப் பார்த்தால் எல்லோரும் சேர்ந்து ஊதியத்தை உயர்த்தியதுதான் மிச்சம்.

எதிர்பார்த்த சந்தாதாரர்கள் வரவில்லை. முதல் பருவம் முடியுமுன்பே, 2002 மார்ச்சில், ஐடிவி டிஜிட்டல் நொடித்து நிர்வாகிகளின் பொறுப்பில் சென்றது. வரவேண்டிய 17.85 கோடி பவுண்டு நின்றுபோயிற்று.

லீக் உரிமையாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது. பங்குதாரர்களும் உத்தரவாதம் அளிப்பார்கள் என்ற வாசகம் தொடக்க விண்ணப்பத்தில் இருந்தது. ஆனால் அந்த ஆவணம் முறையான ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. பின்னர் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் பங்குதாரர்களின் உத்தரவாதம் இடம்பெறவில்லை. 2002 ஆகஸ்டில் லீக் தோற்றது. சொல்லப்பட்டதற்கும் கையெழுத்திடப்பட்டதற்கும் இடையிலான வேறுபாட்டின் விலை 17.85 கோடி பவுண்டு.

அவ்விலையை யார் கொடுத்தார்கள்? பிராட்ஃபோர்ட் சிட்டி, லெஸ்டர் சிட்டி, இப்ஸ்விச் டவுன் ஆகியவை ஓராண்டுக்குள் அடுத்தடுத்து நொடித்தன. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியதும் அவற்றின் வீழ்ச்சிக்குக் காரணம். அதுவும் தொலைக்காட்சிப் பணத்தின் இழப்பே. நொடித்த கழகம் லீக்கில் நீடிக்கவேண்டுமானால், ஆட்டக்காரர்களுக்கும் பிற கழகங்களுக்குமான பாக்கியை முழுமையாகத் தீர்க்கவேண்டும் என்பது விதி. அச்சகத்தாரும், உணவு வழங்கியவரும், வரித்துறையும் எஞ்சியதில் கிடைத்த பங்கோடு அமையவேண்டியிருந்தது. பந்தயத்தில் கலந்துகொள்ளாதவர்களே தோல்வியின் பெரும்பங்கைச் சுமந்தார்கள்.

ஸ்கை நிறுவனத்துடன் லீக் அடுத்துச் செய்துகொண்ட ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு 9.5 கோடி பவுண்டு. சந்தை அந்த ஆட்டங்களுக்கு உண்மையில் வைத்த விலை அதுவே.

பாடம் நெடுநாள் நிலைக்கவில்லை. 2020இல் பிரான்சில் மீடியாப்ரோ நிறுவனம் தவணையை நிறுத்தியபோது, அங்கும் வங்கி உத்தரவாதம் பெறப்பட்டிருக்கவில்லை. ஒளிபரப்பு ஒப்பந்தம் அறிவிக்கப்படும் நாளில் எல்லோரும் தொகையைப் படிக்கிறார்கள். பணம் வராவிட்டால் யார் பொறுப்பு என்னும் வரியைத் தேடிப் படிப்பவர் சிலரே. ஊர்க்கழகங்களின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது.