தூரப் போட இடமில்லாத ஜிகினா

பொங்கல் வாழ்த்து அட்டை வாங்கிய தலைமுறைக்கு ஜிகினாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கரும்பின் மீதும் பானையின் மீதும் பிசின் தடவித் தூவிய தூள், அட்டையைத் தொட்டவர் விரலுக்கு வரும். அங்கிருந்து கன்னம், தலையணை, மறுநாள் இட்லித் தட்டு என்று ஊர் சுற்றும்.

அந்தமானில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த அட்டை கூடுதல் அருமை. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது) இடையே சுமார் 1,360 கி.மீ. கடல். அக்கா, தங்கை முகம் பார்க்க முடியாத வருஷங்களில் அட்டைதான் போய்வந்தது. செல்போன் வந்தபின் அட்டைகள் குறைந்தன. ஆனாலும் பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் கையாலேயே அட்டை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு இப்போது கிடைத்திருக்கும் புதுச் சரக்கு, ஜிகினா கலந்த எம்பாஸிங் பவுடர். சீக்கிரம் காயாத மையில் ரப்பர் ஸ்டாம்பை ஒற்றி, ஈரத்தின் மேல் தூளைத் தூவ வேண்டும். அட்டையைக் கவிழ்த்துத் தட்டினால் ஒட்டாதது உதிர்ந்துவிடும். பிறகு ஹீட் கன்னால் சூடு காட்டினால் தூள் உருகி, படம் மேடாகப் பளபளக்கும். கல்யாணப் பத்திரிகையில் விரலுக்குத் தட்டுப்படும் மேட்டெழுத்தும் இதே வித்தைதான். அச்சகத்தில் தெர்மோகிராபி என்பார்கள். தலைமுடி உலர்த்தும் டிரையர் இதற்கு உதவாது. சூடு போதாது, காற்று தூளை ஊதித் தள்ளிவிடும்.

தீவில் இன்னொரு தலைவலி, ஈரக்காற்று. இரண்டு பருவமழையும் பெய்யும் இடம். ஆண்டு மழை சுமார் 3,000 மி.மீ. அப்பளம்போல் காகிதமும் நமத்துப்போகும். நமத்த அட்டையில், மை படாத இடத்திலும் தூள் அப்பிக்கொள்ளும். அட்டைக்கு மிதமாக இஸ்திரி போட்டு, ஆறியதும் டால்கம் பவுடரை லேசாகத் தடவித் துடைத்துவிட்டு ஸ்டாம்பு ஒற்றினால் பிரச்சினை தீரும். மிச்சமிருக்கும் ஓரிரு துகளைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிடலாம்.

தட்டிவிட்டது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஜிகினா பெரும்பாலும் அலுமினியம் பூசிய பாலியஸ்டர் தாளைப் பொடிப்பொடியாக வெட்டியது. உருக்கும் தூளும் பிளாஸ்டிக் வகையே. ஆனால் உருகிய தூள், தன்னோடு ஜிகினாவையும் அட்டையில் பிடித்து வைக்கும். பிசினில் ஒட்டிய ஜிகினாவைப்போல் அவ்வளவு எளிதில் உதிராது. மேசையில் சிந்தியதைக் கழுவிவிட்டால் சாக்கடை. சாக்கடை தாண்டினால் கடல். பவளப்பாறை உள்ளிட்ட கடல்வாழ் உயிர்களைக் காக்க 1983இல் அமைந்த வாண்டூர் கடல் தேசியப் பூங்கா, நகரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் இருக்கிறது.

அழைப்பிதழ் மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளை, 2022 ஜூலை 1 முதல் இந்தியா தடைசெய்தது. அந்தப் பட்டியலில் ஜிகினா இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்கு 2023 அக்டோபர் 17 முதல் தடை போட்டது. பழைய காலத்து அப்பிரகத் தூளுக்கே திரும்பலாம் என்றால், ஜார்க்கண்ட் அப்பிரகச் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்யும் கதை குறுக்கே நிற்கிறது.

அதற்காக மினுமினுப்பையே துறக்க வேண்டியதில்லை. மடித்த காகிதத்தின் மேல் வைத்து வேலை செய்தால், உதிர்ந்த தூள் அப்படியே பாட்டிலுக்குத் திரும்பும். மேசையில் தப்பியதை ஈரத்துணியால் துடைத்து அலசாமல் செல்லோடேப்பால் ஒற்றி எடுத்துக் குப்பையில் சேர்க்கலாம். ஒரு சிட்டிகை தூளுக்கு இவ்வளவு கணக்கா என்று சென்னையில் இருப்பவர் சிரிக்கலாம். அவருக்குக் கூவம் எங்கோ ஓடுகிறது. தீவுக்காரருக்கோ, ‘தூரப் போடு’ என்று சொல்லத் தூரமே கிடையாது.