பெரியவரின் காரும் அப்பாவின் காலும்

இன்சூரன்ஸ் என்றாலே ஏஜெண்டுகள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஆட்டோமொபைல் பிரிவு மாணவன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். பழனி மலையில் பண்ணைக்காடு பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. தோட்டத்துச் சொந்தக்காரர் மதுரையில் இருக்கும் பெரியவர், எழுபது வயது. தன் பழைய 1200 சி.சி. காரைத் தானே ஓட்டிக்கொண்டு மாதம் ஒரு தடவை வத்தலக்குண்டு வழியாக மலையேறி வருவார்.

போன வருடம் பாலிசிக் காகிதத்தை என்னிடம் நீட்டி, "தம்பி, எனக்கு வயசாச்சுன்னு கூடப் போட்டுட்டானா? படிச்சுச் சொல்லுப்பா. வண்டியே அதிகம் எடுக்கிறதில்ல, பேசாம விட்டுடலாமான்னு பாக்குறேன்" என்றார். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன்.

பாலிசியில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, நம் வண்டியால் அடிபடும் அடுத்தவருக்கானது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இங்கிலாந்தில் ஓட்டுபவரின் வயதைப் பார்த்துத் தொகை ஏறும், இறங்கும். நம் நாட்டில் இந்தப் பங்குக்கு எஞ்சின் அளவுதான் கணக்கு. 2022 ஜூன் 1 முதல் மத்திய அரசு வைத்த கட்டணம், 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதில் பேரம் பேச முடியாது.

மற்றது நம் வண்டியின் சேதத்துக்கானது. மிச்சம் பிடிக்க வழி இங்கேதான். வருடம் முழுவதும் கிளெய்ம் கேட்காவிட்டால் மறு வருடம் 20 சதவீதம் தள்ளுபடி. ஐந்து வருடம் கேட்காவிட்டால் 50 சதவீதம். இந்தப் பங்குக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதித் தள்ளுபடியில் 3,000 மிச்சம். பம்பர் நசுங்கியதற்கு 2,000 ரூபாய் கிளெய்ம் வாங்கினால் அந்த 3,000 போச்சு! காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் தள்ளுபடி போய்விடும். கொஞ்ச தூரமே ஓட்டுகிறவர்களுக்கு, ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் திட்டத்துக்கும் 2022இல் அனுமதி வந்துவிட்டது.

பெரியவர்கள் லைசென்சையும் கவனிக்க வேண்டும். 55 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, டாக்டர் சர்டிபிகேட்டோடு புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸ் காலாவதியானால் இன்சூரன்ஸ் இருந்தும் வில்லங்கம்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "சேதப் பங்கைக் குறைங்க ஐயா, ஆனா அடுத்தவங்க பங்கை மட்டும் ஒரு நாள்கூட விட்றாதீங்க" என்றேன். காரணம் அவருக்கும் தெரியும்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஊத்து பக்கம் பனிமூட்டத்தில் ஒரு ஜீப் அப்பாவை இடித்துவிட்டது. வலது கால் முறிந்தது. அந்த ஜீப்புக்கு இன்சூரன்ஸ் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கேஸ் நடந்தது. ஜீப்காரர் பணம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பும் வந்தது. அவரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. தீர்ப்பு நகல் மட்டும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அம்மா கம்மலை விற்றாள். அப்பா இன்றும் சரிவில் ஏறிக் காப்பி பறிக்க முடியாமல் களத்தில் கொட்டை கிளறுகிறார்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மொத நாளே கட்டிடுறேன்பா" என்றார். கட்டியும் விட்டார்.

இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். அடிபட்டவன் கைக்கு வராது. நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஒர்க்ஷாப்பில் நிற்கப் போகிறோம். வரும் வண்டியின் ஆயிலைப் பார்க்கும்போது இன்சூரன்ஸ் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். ரோட்டோரம் நடந்து போகிறவர்களில் உங்கள் அப்பாவும் ஒருவர்.