கீரிப்பாறை ஜீப்பும் 52-ஆம் பிரிவும்

மோட்டார் வாகனச் சட்டம் என்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் எங்களுக்கெல்லாம் விபத்து இழப்பீடுதான். 166-ஆம் பிரிவில் ஒரு மனு, இன்சூரன்ஸ் கம்பெனியின் எதிர்வாதம், டாக்டரின் சாட்சியம் என்று ஒரு வக்கீலின் ஆயுளே அதில் ஓடிவிடும். அதே சட்டத்தில் 52 என்றொரு பிரிவு இருப்பதும், சொந்த வண்டியில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அது பேசுவதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் புரோக்கர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்களுக்குத் தெரியாது. என்னை அந்தப் பிரிவுக்கு இழுத்துப்போனது ஒரு ஜீப்பின் கூரையில் வெட்டிய ஓட்டை.

கட்சிக்காரர் தடிக்காரன்கோணத்துக்காரர். கீரிப்பாறைக்கு மேலே கொஞ்சம் ரப்பரும் கொஞ்சம் கிராம்பும் வைத்திருந்தார். தோட்டத்துக்கு ஏறும் கடைசிப் பாதை பாதை என்ற பெயருக்கே தகுதியில்லாதது. பாதி பாறை, பாதி ஓடை. அதற்கென்றே தகரக் கூரை போட்ட, நாலு சக்கரமும் இழுக்கும் 2004 மாடல் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஏ.சி. கிடையாது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் ஒரு மழையை நம்பியிருக்க, எங்களுக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆனியிலிருந்து கார்த்திகை வரை அந்த ஜீப்பில் ஜன்னலை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் சாரல். துபாயில் டிரைவராக இருந்து திரும்பிய மகன், கூரையில் ஒரு கண்ணாடி வைத்தால் இரண்டும் தீரும் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தான். 2016-இல் நகரத்துப் பட்டறை ஒன்று 45,000 ரூபாய்க்கு சன்ரூஃப் பொருத்திக்கொடுத்தது. ஆனால் பில்லில் சன்ரூஃப் என்ற சொல்லே இல்லை. டிங்கர் வேலை, பெயிண்ட், உதிரிபாகம் என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்த மௌனத்தின் பொருள் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கே அதில்தான் நின்றது. பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொள்ளும் சாதாரணக் கண்ணாடி ஒரு வகை. அதில் தண்ணீரைத் தடுப்பது சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் மட்டுமே. இவருக்குப் போட்டது நகர்ந்து திறக்கும் வகை. பீடிங்கைத் தாண்டி உள்ளே வரும் தண்ணீரைச் சுற்றிலும் உள்ள ஒரு சிறு வாய்க்கால் பிடித்துக்கொள்ளும்; நான்கு மூலையிலிருந்தும் நான்கு குழாய்கள் வண்டியின் தூண்களுக்குள் இறங்கி அதைத் தரையில் விட வேண்டும். ஆகவே இந்த வகைக்குத் தண்ணீர் உள்ளே வருவது குற்றமில்லை, வெளியே போகாமல் இருப்பதுதான் குற்றம். தகரத்தை வெட்டிய விளிம்பில் துரு பிடிக்காத பிரைமர் அடிக்க வேண்டும். கூரைக்கு அடியில் குறுக்கே போகும் பட்டைகளை வெட்டாமல் அவற்றுக்கு இடையில் இடம் பார்க்க வேண்டும். பீடிங்குக்குப் பெட்ரோலியக் கிரீஸ் ஆகாது, சிலிக்கான் பூச்சுதான் போட வேண்டும். வடிகுழாய்களை மழைக்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும். இதில் ஒன்றைக்கூட யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முதல் மழையிலேயே ஒழுகியது. பட்டறைக்குப் போனால், குளியலறைக் குழாய்க்குப் பூசும் பசையைப் பூசி அனுப்பினார்கள். மறுபடி ஒழுகியது, மறுபடி பசை. அதற்குள் மேல்துணி நைந்து, பின்சீட்டுக்கு அடியில் தகரம் துருப்பிடித்திருந்தது. 2017-இல் என்னிடம் வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “வக்கீலய்யா, எனக்குப் பணம் வேண்டாம். மழை வெளிய பெய்யணும், அம்புட்டுதான்.” பணத்தையும் சேர்த்தே கேட்போம் அண்ணாச்சி என்று சொல்லி, மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்தேன்.

1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம், இத்தகைய மனுக்களை மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதை எழுதியவர்கள் நல்ல மனிதர்களாக இருந்திருக்க வேண்டும். எங்கள் வழக்கில் வண்டியைப் பார்வையிட ஒரு வழக்கறிஞர் ஆணையரையும் ஓய்வுபெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவரையும் நியமிப்பதற்கே அதைவிட அதிக நாள் பிடித்தது. இடையில் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. மாவட்டம் முழுவதும் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடக்க, ஜீப்பின் கூரையை யார் நினைப்பார்கள்? அவரே சில மாதம் என்னைத் தேடி வரவில்லை. ஒரு விஷயம் மட்டும் அப்போது என்னை உறுத்தியது. அந்த ஜீப்பின் மேல் ஒரு மரம் விழுந்திருந்தால், சொல்லாமல் கூரையை வெட்டியதை இன்சூரன்ஸ் கம்பெனி சும்மா விட்டிருக்காது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்பதற்காக முழுத் தொகையையும் மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன அமலேந்து சாஹு வழக்கின் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கையில் இருந்தாலும், அதைப் பெறுவதற்கு இன்னொரு வழக்கு நடத்தியிருக்க வேண்டும்.

ஆணையர் வந்த நாளைப் பற்றி எங்கள் பாரில் இன்றும் பேசுவார்கள். ஜீப்பை வீட்டு முற்றத்தில் சமதரையில் நிறுத்தி, கூரையில் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். சொட்டு ஒழுகவில்லை. எதிர்தரப்பு வக்கீல், “குறித்துக்கொள்ளுங்கள்” என்று ஆணையரிடம் சொன்னார். நான் ஆணையருக்குக் கொடுத்திருந்த குறிப்பு மனுவில் இன்னொரு வேண்டுகோள் இருந்தது: இது மலையேறும் வண்டி என்பதால், ஒரு பின்சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி நிறுத்தியும் சோதிக்க வேண்டும். காரணம் மந்திரமில்லை. ஒரு சக்கரம் மட்டும் மேலேயும் மற்ற மூன்றும் கீழேயுமாக நிற்கும்போது வண்டியின் உடல் முறுக்கும், கூரை முறுக்கும், பீடிங் ஒரு மூலையில் தகரத்தை விட்டு எழும்பும். எதிர்தரப்பு ஆட்சேபித்தது, ஆணையர் அதையும் எழுதிக்கொண்டார், சக்கரம் கல்மேல் ஏறியது. அரை வாளித் தண்ணீர் போவதற்குள் பின்சீட் நனைந்துவிட்டது. மேல்துணியைப் பிரித்துப் பார்த்தபோது, பின்பக்க வடிகுழாய் இரண்டும் வெளியே போகவே இல்லை. தூணுக்குள் பாதியில் முடிந்திருந்தன. வெட்டிய விளிம்பில் பிரைமர் இல்லை. ஒரு குறுக்குப் பட்டையையும் அறுத்திருந்தார்கள்.

நியாயமாக, எங்களுக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கக் குழாய்கள் இரண்டும் ஒழுங்காகத்தான் போயிருந்தன, ஆனால் ரப்பர் இலைக்காம்புகளால் அடைபட்டிருந்தன. மார்கழி, தையில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். தோட்டத்தில் நிற்கும் வண்டியின் வாய்க்காலுக்குள் அது போகாமல் எங்கே போகும்? பராமரிக்காதது வண்டிக்காரர் குற்றம் என்றது எதிர்தரப்பு. எப்படிப் பராமரிப்பது என்று ஒரு துண்டுச் சீட்டாவது கொடுத்தீர்களா என்றோம் நாங்கள்.

இதுவரை எல்லாம் எங்கள் பக்கம். அப்போதுதான் எதிர்தரப்பு வக்கீல் தன் கூடுதல் பதிலுரையில், நான் ஏன் அவரை மதிக்கிறேன் என்பதற்குச் சான்றாக, ஒரு வாதத்தை எடுத்து வைத்தார். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் தடுத்த ஒன்றைச் செய்துதரச் சொல்லும் ஒப்பந்தம், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. செல்லாத ஒப்பந்தத்தில் சேவை ஏது, சேவையில் குறைபாடு ஏது? தவறில் இருவருக்கும் பங்கு என்றால் நீதிமன்றம் யாருக்கும் கைகொடுக்காது. அதாவது, தடைசெய்யப்பட்ட வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்தவருக்கு அந்தத் தடையே குடையானது. பில்லில் சன்ரூஃப் என்ற சொல் இல்லாததன் பொருள் எனக்கு அன்று விளங்கியது.

பதில் சொல்லச் சட்டத்தின் பழைய உருவத்தைத் தேடிப் போனேன். 1988-இல் இயற்றியபோது 52-ஆம் பிரிவு இவ்வளவு கடுமையாக இல்லை. மாற்றம் செய்யப்போவதாகப் பதிவு அதிகாரிக்கு எழுதிக் கேட்டு ஒப்புதல் பெற வேண்டும். ஏழு நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே கருதலாம். வண்டியின் எடையில் 2 சதவீதத்துக்குள் வரும் சிறு பொருத்துகளுக்கு அந்த ஒப்புதலும் தேவையில்லை. 1,500 கிலோ ஜீப்புக்கு 30 கிலோ. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரண்படும்படி ஆர்.சி. புத்தக விவரங்கள் மாறக்கூடாது என்று நேரடித் தடையாக எழுதினார்கள். வேறு எரிபொருளுக்கு மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் வழி விட்டார்கள். நான் ஆர்.சி. புத்தகத்தையே பிடித்துக்கொண்டேன். எஞ்சின் எண், சேசிஸ் எண், சீட் எண்ணிக்கை, எடை, நிறம் என்று அதில் எல்லாம் இருக்கிறது. கூரையில் ஓட்டை உண்டா இல்லையா என்று ஒரு பத்தி கிடையாது. புத்தகத்தில் இல்லாத விவரம் எப்படி முரண்படும்? அதோடு, கூரையே இல்லாமல் கான்வாஸ் துணி போட்டுக் கம்பெனி விற்கும் ஜீப்பைப் பதிவு செய்கிறார்கள். கூரையில் கொஞ்சம் வெட்டினால் மட்டும் குற்றமா? எல்லைக்கு அப்பால் கேரள உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, மாநில விதிகள் இடம்தரும் அளவுக்கு அமைப்பு மாற்றத்தை அனுமதிக்கலாம் என்று சொல்லியிருந்தது. களியக்காவிளையைத் தாண்டி வரும் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்றாலும், காது கொடுத்துக் கேட்கத் தக்கது.

வாதம் முடிந்து உத்தரவுக்குக் காத்திருக்கையில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் ஜெயச்சந்திரா வழக்கில் அந்தக் கேரளத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். விதிகள் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவை. உற்பத்தியாளரின் மூலக் குறிப்பை மாற்ற முடியாது. அதற்கு அப்பாற்பட்ட விவரங்களைத்தான் மாற்றிப் பதிவு செய்யலாம் என்பது தீர்ப்பின் சாரம். அதைப் படித்தபோது எனக்கு வருத்தம் இருந்ததே தவிர மறுப்பு இல்லை. ஒவ்வொரு மாடலிலும் ஒரு வண்டியை மத்திய விதி 126-இன்கீழ் சோதனை நிலையத்துக்கு அனுப்பித் தேர்வு பெற்றுத்தான் கம்பெனி விற்கிறது. கான்வாஸ் ஜீப்பும் கான்வாஸோடேதான் தேறியது. தகரக் கூரை ஜீப்பின் குறுக்குப் பட்டையை அறுத்த பிறகு அது தேறிய வண்டி இல்லை. மலைப்பாதையில் கவிழ்ந்தால் உள்ளிருப்பவர் தலைக்கு மேலே இருப்பது அந்தப் பட்டைதான். என் கான்வாஸ் வாதம் கேட்க நன்றாக இருந்தது, நிற்கவில்லை.

எதிர்தரப்பு மறுநாளே அந்தத் தீர்ப்பின் நகலைத் தாக்கல் செய்தது. மிஞ்சிய ஒரே கதவு, சட்டத்துக்கு முன்னால் இருவரும் சமமாகத் தவறியவர்களா என்ற கேள்வி. தோட்டக்காரர் ஒருவருக்கு 52-ஆம் பிரிவு தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கருதும், சரி. ஆனால் அதையே தொழிலாகச் செய்து, தெரிந்ததால்தான் பில்லில் பெயரை மாற்றி எழுதிய ஒருவரோடு அவரை ஒரே தட்டில் வைக்க முடியுமா? ஒப்பந்தம் செல்லாது என்று பின்னால் தெரியவந்தால், அதில் பெற்ற பலனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்கிறது. மன்றம் இந்த வழியில் வந்தது. வாங்கிய தொகையைத் திருப்பவும், துருப்பிடித்த பகுதிக்குச் செலவில் ஒரு பங்கு தரவும் உத்தரவிட்டது. குழாய் அடைத்திருந்ததால் முழுச் செலவு இல்லை, மன உளைச்சலுக்கு ஒன்றும் இல்லை. தடைசெய்த வேலை நன்றாக நடக்கவில்லையே என்ற உளைச்சலுக்கு விலை போட மன்றம் மறுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதே ஆண்டு ஜீப்புக்குப் பதினைந்து வயது நிறைந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து புதிய 182ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்திருந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டிக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கண்ணாடியைக் கழற்றி, பட்டையை ஒட்டி, தகரம் வைத்து வெல்டிங் செய்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து அவர் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோனார். இன்ஸ்பெக்டர் கூரையில் கையை வைத்துத் தடவிப் பார்த்து, “இங்கே ஏன் வெல்டிங்? வண்டி கவிழ்ந்ததா?” என்று கேட்டார். இல்லை என்று விளக்க, அடைத்த வேலைக்குப் பில் கேட்டார். பில் இல்லை. ஏனென்றால் அடைத்துக்கொடுத்தவர், முதலில் கூரையை அறுத்த அதே டிங்கர். அந்தப் பட்டறையை விட்டு விலகித் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். கட்சிக்காரர் என் ஆபீஸுக்கு ஓடி வந்து மன்ற உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிப்போய்ப் பில்லுக்குப் பதிலாக அதைக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் நின்றபடியே அதைப் படித்து முடித்துவிட்டுப் புதுப்பித்துக் கொடுத்தார். அந்த டிங்கருடைய வேலை எப்படி என்று கேட்டேன். “இப்போ ஒழுகல வக்கீலய்யா, நல்ல வேலைக்காரன்தான்” என்றார்.