கடலுக்குப் போகணும்

பழவேற்காட்டுக் கரையில் நின்றால் காதில் விழும் பேச்சில் பாதி ‘ணும்’, ‘லாம்’, ‘கூடாது’ என்றுதான் முடியும். “நாளைக்கு யாரு பாடு?” “அது அவங்க பாடு, நாம வலை போடக் கூடாது.” “காத்து அடங்கினா போலாம்.” “முகத்துவாரம் தூந்து போச்சு, படகைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.” பாடு என்பது முறைவைத்து வலை போடும் உரிமை. குப்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நாட்களில் இந்தப் பேச்சைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போவேன். அங்கே நோட்ஸில் இருந்ததோ, உள்ளே வரலாமா ஐயா, பெரியவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற ரகம். கேன், மே, மஸ்ட், ஷல் எல்லாம் கட்டம் போட்ட அட்டவணைக்குள் உட்கார்ந்திருக்கும்.

எல்லா நோட்டிலும் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘ஐ மஸ்ட் டு கோ டு தி சீ.’ ஒரு ‘டு’ அதிகம். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ‘டு கோ’ என்றால் ‘போக’ என்று மனப்பாடம் செய்யவைத்தவர்கள் பெரியவர்கள்தான். ‘போக’வோடு ‘வேண்டும்’ சேர்ந்தால் ‘போக வேண்டும்’. அப்படியானால் ‘டு கோ’வோடு ‘மஸ்ட்’ சேர்ந்தால் ‘மஸ்ட் டு கோ’ வரத்தானே வேண்டும்? வராது. மஸ்ட், கேன், மே, ஷுட் எல்லாம் வினையை மொட்டையாகத்தான் ஏற்கும். ‘ஆட்’ மட்டும் ‘டு’ கேட்கும். ‘மஸ்ட்’ சொல்லும் அதே சேதியைச் சொல்ல வரும் ‘ஹேவ்’வும் கேட்கும்.

ஒருநாள் கரும்பலகையில் ‘கடல் – உக்கு – போக – ணும்’ என்று எழுதி, அதன் கீழே ‘மஸ்ட் – கோ – டு – சீ’ என்று எழுதினேன். ஒரே வலையை எதிர்க்கரையில் நின்று இழுக்கிற மாதிரி, துண்டுகள் அதேதான், வரிசை மட்டும் தலைகீழ். அன்றைக்கு அந்த அதிகப்படியான ‘டு’ பாதிப் பேரிடமிருந்து உதிர்ந்தது. கடலுக்கு முன்னால் நிற்கிற ‘டு’, நம் ‘உக்கு’. அது ‘கோ’வைச் சேர்ந்தது, ‘மஸ்ட்’டுக்கும் அதற்கும் ஒட்டுறவு கிடையாது. போவதானால் ‘டு’, காத்திருப்பதானால் ‘ஃபார்’, பார்த்துக்கொள்வதானால் ‘ஆஃப்டர்’ என்று அந்தச் சின்னச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் வினைதான்.

ஆனால் ‘ஆஃப்டர்’ இன்னொரு வம்பை இழுத்து வந்தது. ‘வலையைப் பார்த்துக்கணும்’ என்பதைச் சரியாக எழுதிவிடுவார்கள். அதைச் செயப்பாட்டுக்கு மாற்றினால் ‘தி நெட் மஸ்ட் பி லுக்ட் ஆஃப்டர்’. கடைசியில் ‘ஆஃப்டர்’ அனாதையாகத் தொங்கும். பிள்ளைகள் அதை வெட்டிவிடுவார்கள். “பின்னால ஒண்ணுமே இல்லியே சார், எதுக்கு அது?” தமிழ்க் காதுக்கு நியாயமான கேள்வி. நம் வேற்றுமை உருபு பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வரும், தனியாக வந்து நிற்காது.

ஒரு பையன் ‘போக’வையே தூக்கிவிட்டு ‘ஐ மஸ்ட் டு சீ’ என்று எழுதினான். சிவப்பு மையில் சுழித்தேன், இன்றைய ஆங்கிலத்துக்கு அது பிழைதான். சுழிக்கும்போதே டச்சுக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். 1613-இல் இந்த ஊரில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1825-இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள். கோட்டை மண்மேடாகிவிட்டது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது; உள்ளே கல்லில் வெட்டிய டச்சு எழுத்துகள். அவர்கள் மொழியில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை ‘இக் மூத் நார் ஹௌஸ்’ என்றே சொல்லலாம். நான், வேண்டும், -க்கு, வீடு. ‘போக’ இல்லை, இல்லாமலே விளங்கும். பழைய ஆங்கிலத்திலும் அப்படிப் பேசினார்கள். ஷேக்ஸ்பியர் காலம்வரை அது உயிரோடு இருந்தது. பையன் எழுதியது முந்நூறு ஆண்டுக்கு முன் அவன் ஊர்க் கரையில் ஒரு டச்சு மாலுமி தன் மொழியில் சொல்லியிருக்கக்கூடியதுதான். ஆனால் பொதுத் தேர்வு விடைத்தாளைத் திருத்த மாலுமி வரமாட்டான்.

இந்தச் சொற்களின் பூர்வீகம் பார்த்தால் கரைக்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது. ‘கேன்’ ஆதியில் ‘தெரியும்’. நாமும் ‘நீந்தத் தெரியும்’ என்றுதானே திறமையைச் சொல்கிறோம்! ‘ஷல்’ என்பதற்குப் பழைய பொருள் கடன்பட்டிருத்தல். எறா வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வலை எடுத்தவர், “பிடிக்கிறதை அவருக்கேதான் போடணும்” என்று சொல்கிற அந்த ‘ணும்’முக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் அகப்படாது.

ஸ்ரீஹரிகோட்டா கண்ணுக்கெட்டும் தூரம். 1971-இலிருந்து அங்கே ராக்கெட் விடுகிறார்கள். விடுகிற நாளில் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் ‘நீட் நாட் கோ’ என்றார்கள். வேணும் என்றால் மஸ்ட், வேண்டாம் என்றால் மஸ்ட் இல்லை, அதாவது அவசியமில்லை. கணக்கு சரிதான், ஆனால் அரசாங்கம் ராக்கெட்டை முன்னிட்டு ஊருக்கு லீவு விட்டமாதிரி ஆகிவிடுகிறது. ‘மஸ்ட் நாட்’ அவசியத்தை மறுக்காது, செயலைத் தடுக்கும். நம் ‘வேண்டாம்’ ஒரே மூச்சில் கெஞ்சவும் தடுக்கவும் வல்லது. கரையில் எல்லோருக்கும் அது ‘கூடாது’ என்று தெரியும்.

சட்டத்தின் ‘ஷல்’ இன்னும் வேடிக்கை. அரசமைப்புச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க ‘ஷல்’ என்கிறது. 1957-இல் உச்ச நீதிமன்றம் அந்த ‘ஷல்’ கட்டாயமல்ல என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டு கடல் மீன்பிடிச் சட்டத்தின்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. அந்தக் ‘கூடாது’ எவ்வளவு தூரம் எடுபட்டது என்று நாட்டுப்படகுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

எழுதாத சட்டமான பாடு மட்டும் பிசகாது. பழவேற்காட்டு ஏரியில் எறா ஓடும் இடங்களில் கட்டுவலை போட முறை வைத்திருக்கிறார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகளுக்குள் இன்று இவர், நாளை அவர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகியவை காலங்காலமாக இதை நடத்துகின்றன. சண்டையைத் தவிர்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இந்த ‘லாம்’ பிறப்பால் வருவது. அந்தக் குப்பங்களின் மீனவச் சாதியில் பிறக்காதவருக்கு எவ்வளவு தொழில் தெரிந்திருந்தாலும் அங்கே இடமில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் துழாவி எறா பிடிக்கும் இருளர் பெண்களுக்கு இந்த ஏரியில் பாடு கிடையாது.

கேனுக்கும் மேக்கும் வித்தியாசம் சொல்ல நோட்ஸை மூடிவைத்துவிட்டு, உங்கள் வீட்டைப் பற்றி ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். பின்வரிசையில் இருந்த இருளர் வீட்டுப் பெண் எழுதியிருந்தாள்: ‘மை மதர் கேன் கேட்ச் ப்ரான்ஸ் வித் ஹர் ஹேண்ட்ஸ். ஷி மே நாட் புட் நெட் இன் தி லேக்.’ சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பாடு உள்ள வீட்டுப் பையன் ஒருவன் எட்டி அவள் நோட்டைப் பார்த்துவிட்டு, “நெட்டுக்கு முன்னால ஒரு ‘எ’ விட்டுப்போச்சு சார்” என்றான். சேர்த்துக்கொண்டாள்.